எண்ணெய்க் கேனோடு எடுத்த அச்சு

செயற்கைக்கால் பட்டறைக்கு வந்து, போசே செய்துகொடுத்த காலைத் தூக்கி அவள் மேசைமேலேயே போட்டாள் யேபு. ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"இந்தா, நீயே மாட்டிக்க. ரெண்டு தடவை புண்ணாகி ஆறியாச்சு. இன்னொரு தடவை வந்தா முழங்காலோட எடுத்துருவேன்னு டாக்டர் சொல்லிட்டார். முழங்கால் போச்சுன்னா நான் சந்தைக்குப் போன மாதிரிதான்!"

யேபு மகேனி நகரச் சந்தையில் பாமாயில் விற்பவள். லாரி கவிழ்ந்ததில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம். அந்த மிச்சக்கால் போய் உட்காரும் கிண்ணத்துக்குத்தான் சாக்கெட் என்று பெயர். அது சரியில்லையென்றால் பாதம் எவ்வளவு அழகாயிருந்து என்ன பிரயோசனம்? சாக்கெட் செய்வதில் தன்னை மிஞ்ச அந்தப் பட்டறையில் ஆளில்லை என்பது போசேயின் எண்ணம். எண்ணம் என்ன, உண்மையே அதுதான். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது.

"இங்க நடந்து பார்த்தப்போ வலிக்கலையே அக்கா?"

"இங்க ஏன் வலிக்கப்போகுது? வெறுங்கையோட மகாராணி மாதிரி நடந்தேன். சந்தைக்கு அப்படியா போறேன்? தலையில இருபது லிட்டர் கேன் இருக்குமே!"

போசே தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஊரில் தலைச்சுமையை யாரும் தனியாகச் சொல்லமாட்டார்கள். போசேயே காலையில் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பல் விளக்குகிறவள். இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு அச்சு எடுத்திருக்கிறாள். சுமை ஏறினால் கால் கீழே இறங்கி, எலும்பு நுனி அடியில் இடிக்காமல் என்ன செய்யும்?

"கேனை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நிறைச்சு."

"காலுக்கு அளவெடுக்க எண்ணெய் எதுக்குடி?"

"எல்லாம் எனக்குத் தெரியும், சொன்னதைச் செய்ங்க."

கேன் வந்தது. மிச்சக்காலில் ஈர மாவுக்கட்டைச் சுற்றி, மெத்தை வைத்த முக்காலியில் ஊன்றி நிற்கவைத்தாள். கைக்குக் கம்பி கொடுத்தாள். இரண்டு பேர் கேனைத் தூக்கித் தலையில் வைத்தார்கள்.

"கட்டு இறுகுறவரை அசையக் கூடாது. பேசவும் கூடாது."

பேசக் கூடாதாம்! யேபுவா? காத்திருந்தவர்களில் ஒருத்தன் பின்னாலிருந்து, "எண்ணெயில தண்ணி எவ்வளவு கலப்பே?" என்று சீண்டினான்.

"முன்னால வந்து கேளுடா! தலை திரும்பாதுங்கிற தைரியமா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. கேன் மட்டும் இம்மி அசையவில்லை.

இரண்டு வாரத்தில் புதுச் சாக்கெட் தயார். "கேனோட ஒரு மணி நேரம் நடந்துட்டு நேரா இங்க வாங்க, தோலைப் பார்க்கணும்" என்று காலையில் அனுப்பினாள் போசே. மதியமாகியும் ஆளைக் காணோம். எங்கேயாவது விழுந்து கிடக்கிறாளோ? போட்டது போட்டபடி போசே சந்தைக்கு ஓடினாள்.

அங்கே யேபு நின்றுகொண்டு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கழட்டுங்க காலை!"

"வியாபாரம் நடக்குது, கண்ணு தெரியலையா?"

போசே அவளைப் பிடித்துப் பெட்டிமேல் உட்காரவைத்து, சேற்றில் மண்டியிட்டுத் தானே கழற்றினாள். முழங்கால் சிப்பிக்குக் கீழே அழுந்திய தடம். எடையைத் தாங்கவேண்டிய இடம் அதுதான், அங்கே அழுந்தத்தான் வேண்டும். எலும்பு நுனியைக் கட்டைவிரலால் தடவினாள். தோல் உரியவில்லை, ஈரமில்லை. அப்பாடா! கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"எங்கயாவது வலிக்குதா அக்கா?"

"கழுத்துதான்டி வலிக்குது. பழக்கம் விட்டுப்போச்சு. சீக்கிரம் மாட்டிவிடு, லாரி ஸ்டாண்டுல இன்னும் ரெண்டு கேன் கிடக்குது."