மார்ச் வரைக்குமான பெட்ரோல்

குளிர்காலம் முழுக்க, சாலையே எட்டாத அந்த ஏரிக்கரை மீன்பிடி விடுதியைக் காத்துக் கிடப்பது இரண்டே பேர். மார்லிஸும் அவள் புருஷன் டெல்பர்ட்டும். கூரையில் சேரும் பனியைத் தள்ளுவது, குழாய் வெடிக்காமல் பார்ப்பது, ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. மூன்றாவதுதான் கஷ்டம் என்று டெல்பர்ட் ஊரெல்லாம் சொல்வான்.

இன்னொரு வேலையும் உண்டு. பனி கொட்டும்போதெல்லாம் உறைந்த ஏரிமேல் பனிவண்டியை மேலும் கீழும் ஓட்டி, விமானம் இறங்கும் பாதையை அழுத்திவிட வேண்டும். விட்டுவிட்டால் பனி கம்பளி மாதிரி மூடிக்கொள்ளும். குளிர் இறங்காமல் அடியில் தண்ணீர் ஊறி, உறையாத கூழாகவே கிடக்கும். விமானத்தில் சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் சறுக்குப் பலகை அதில் புதைந்தால் அவ்வளவுதான்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பிறகு மூன்று தடவை பனி கொட்டியது. மூன்று தடவையும் பாதை அழுத்தக் கிளம்பியவனை மார்லிஸ்தான் தடுத்தாள். போன வருஷம் பிப்ரவரியிலேயே பெட்ரோல் தீர்ந்து, வண்டி ஓடாமல் ஒரு மாதம் விறகையும் தண்ணீரையும் சுமந்தவள் அவள். அந்த வலி இன்னும் தோளை விட்டுப் போகவில்லை.

"அடுத்த விமானம் மார்ச்லதான். அதுவரைக்கும் யாரு வந்து எறங்கப் போறா, கரடியா? அதுவே தூங்கப் போயிடுச்சு."

"பாதை விருந்தாளிக்கு இல்ல மார்லிஸ். நமக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"உனக்கு என்ன ஆகப் போவுது? குத்துக்கல்லாட்டம் இருக்க."

"சரிடி கஞ்சப்பிசினாறி" என்று சிரித்துக்கொண்டே வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டான்.

ஜனவரி கடைசியில் அவனுக்கு வயிறு வலித்தது. முந்தின நாள் பீன்ஸ் மேல் பழியைப் போட்டார்கள். மறுநாள் காலை வலி வலது அடிவயிற்றில் நின்றுகொண்டு நகரவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. குடல்வாலாகத்தான் இருக்கும் என்று மருந்துப் பெட்டியில் இருந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ரேடியோவில் விமானி ரெஜியைக் கூப்பிட்டாள்.

"ஹெலிகாப்டர் தெக்கே புயல்ல மாட்டிக்கிட்டு நிக்குது. நானே வர்றேன், ஒரு மணி நேரம். பாதை அழுத்தி இருக்குல்ல?"

"இல்ல ரெஜி."

"எத்தன நாளா?"

"மூணு பனியா."

"அப்ப இன்னிக்கு எறங்க முடியாதுங்க. நானும் புதைஞ்சிட்டா அவரக் கொண்டுவர ஆளே கிடையாது. இப்பவே அழுத்துங்க. ராவெல்லாம் இறுகட்டும். விடிஞ்சதும் வந்துடறேன்."

பகல் முழுக்க ஓட்டினாள். கூழ் இரண்டு முறை வண்டியை விழுங்கியது. கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தாள். இடையிடையே உள்ளே ஓடிவந்து அவன் உதட்டை நனைத்தாள்.

"என் மூஞ்சியப் பாத்துட்டு உக்காராத, போ" என்றான். "வண்டிச் சத்தம் கேட்டாத்தான் தெம்பா இருக்கு." பிறகு கண்ணைச் சிமிட்டினான். "பெட்ரோல் பாத்துச் செலவு பண்ணு. மார்ச் வரைக்கும் வரணும்."

வெறும் கிண்டல்தான். அது தெரிந்தும் அவளுக்கு நெஞ்சை அறுத்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். பாதி பாதை இன்னும் பாக்கி, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று ஓடினாள்.

முடித்துவிட்டு வந்தபோது அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "சத்தம் நின்னு போச்சே, சத்தம் நின்னு போச்சே" என்றே புலம்பினான். காதோரம் குனிந்து எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டாள். எதுவும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. விடிவதற்கு முன்பே மூச்சு அடங்கிவிட்டது.

சொன்னபடியே ரெஜி வந்தான். விமானம் தார்ச்சாலையில் இறங்குவதுபோல் இறங்கியது. கட்டிலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். டெல்பர்ட்டைப் போர்வையில் சுற்றி, பனிவண்டிக்குப் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் கிடத்தினார்கள்.

வண்டியில் பெட்ரோல் ஊற்றக் கொட்டகைக்குப் போன ரெஜி, அங்கிருந்தே குரல் கொடுத்தான். "ஆறு கேன் அப்படியே இருக்கேங்க. நேத்து எவ்வளவு ஆச்சு?"

"அரை கேன்" என்றாள் மார்லிஸ்.

போர்வையின் ஓரத்தை டெல்பர்ட்டின் கழுத்துக்கடியில் செருகினாள். குளிர் படக்கூடாது என்பதுபோல் இன்னொரு தடவையும் செருகினாள்.

"மார்ச் வரைக்கும் வரும்" என்று அவனிடம் சொன்னாள்.