ஓடையைக் காட்டியவர்

நிக்கோலாசா அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு சிப்ரியானோ வாசலில் வந்து நின்றார். பின்னால் தெரு ஆண்கள் ஆறேழு பேர். ஒருவரும் உள்ளே வரவில்லை.

"பெட்டி தூக்க ஆள் வேணுமில்ல? தூக்குறோம். உங்கப்பன் செஞ்சது துரோகம்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லு."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தலைநகரிலிருந்து டாக்டர் இர்மா வந்திருந்தாள். கல்லை ஆராய்கிறவள். பழைய மாயா இனத்து அரசன் ஒருவனின் கல்லறையில் கிடைத்த பச்சைக்கல் மணி எந்த மலையில் பிறந்தது என்று தேடினாள். நிக்கோலாசாவின் அப்பா எவாரிஸ்தோதான் அவளை மோத்தாகுவா ஆற்றுக்கு மேலே ஓடை ஓடையாக அழைத்துப் போனார். ஓர் ஓடையின் கல் மணியோடு பொருந்தியது. அந்த இடத்தைக் குறித்த வரைபடம் அச்சானது. அடுத்த வருடமே ஒரு கம்பெனி வந்து அந்த ஓடைக்கு வேலி போட்டது, காவலுக்குத் துப்பாக்கி. அங்கே பச்சைக்கல் பொறுக்கிப் பிழைத்த ஊர், அதன்பின் எவாரிஸ்தோ வீட்டில் காப்பி குடிக்கவில்லை.

போன வாரம் நிக்கோலாசாவும் கேட்டாள். "ஏம்ப்பா காட்டிக் குடுத்தீங்க?"

"மணி எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. சொன்னேன்."

"உங்களால ஊரே நாசமாப் போச்சு."

அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசவே இல்லை.

முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தாள். "அவருகிட்ட சொல்லவேண்டியதை அவரு உசுரோட இருக்கறப்பவே சொல்லிட்டேன் மாமா. உங்ககிட்ட சொல்ல ஒண்ணுமில்ல."

"அப்ப நீயே தூக்கிக்க." சிப்ரியானோ வாசலில் துப்பிவிட்டுப் போனார். மற்றவர்களும் போனார்கள்.

மதியம் இர்மா வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் வெள்ளைப் பூக்கள். "நிக்கோலாசா, எனக்கு எப்படிச் சொல்றதுன்னே..."

"ஒண்ணும் சொல்லவேணாம் டாக்டரம்மா. பூவைக் கீழ வைங்க. கால்மாட்டுல ஒரு ஆள் குறையுது."

பெட்டியின் தலைமாட்டில் நிக்கோலாசாவின் கணவன் ரூபேனும் அத்தை ஓதிலியாவும். கால்மாட்டில் இவர்கள் இருவரும்.

"கம்பெனி வரும்னு எனக்குத் தெரியாதும்மா," என்றாள் இர்மா, மூச்சு வாங்க.

"அவருக்கும்தான் தெரியாது. தோளை இறக்காதீங்க."

கதவுகள் சாத்தியிருந்தன. தெருவில் சாவு போகும்போது மரியாதைக்கு எந்த வீட்டிலும் சோள ரொட்டி தட்டமாட்டார்கள். இன்று எல்லா வீட்டிலும் தட்டிக்கொண்டிருந்தார்கள்; தெரு நெடுக உள்ளங்கைச் சத்தம்.

சிப்ரியானோவின் வீட்டைக் கடந்தபோது உள்ளே அந்தச் சத்தம் நின்றது. நிக்கோலாசா திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி வளைவு தாண்டிய பிறகு மறுபடி கேட்கத் தொடங்கியது.