கால்வாய்ச் சாலையில் எட்டுப் பேர்

வாரத்தில் ஆறு நாள் சைக்கிளில் கடிதம் சுமப்பவள் ஏழாவது நாளும் சைக்கிளில் ஏறினால் அவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். தபால்காரியின் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். ஆனாலும் ஞாயிறு விடிந்ததும் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் வயல் பக்கம் கிளம்பிவிடுவாள். பத்து வயதிலிருந்து பதினான்கு வரை மொத்தம் ஒன்பது பேர். பங்க்சர் ஒட்டவும் கழன்ற செயினை மாட்டவும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

முன்னால் அவள் போவாள். கடைசியில் அவள் தம்பி வருவான். அவன் எலெக்ட்ரீஷியன், கொஞ்சம் அவசரக்காரன். "ஸ்கூல்லதான் கடைசி பெஞ்ச்னா இங்கயும் கடைசிதானா?" என்று சலித்துக்கொள்வான். கடைசி ஆளுக்கு ஒரே ஒரு விதி: எந்தப் பிள்ளையையும் தாண்டக் கூடாது.

அவனுக்கு முன்னால் எப்போதும் ஊர்ந்துகொண்டிருப்பவள் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண். தெருமுனையில் தையல்கடை வைத்திருப்பவளின் ஒரே மகள். 'நத்தை' என்று தனக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டதே அவள்தான். "நத்தைக்கு பிரேக் தேவையே இல்லக்கா, செலவு மிச்சம்" என்பாள்.

அந்த ஞாயிறு கால்வாய்ச் சாலையில் போனார்கள். முந்தின வாரம்தான் தண்ணீர் திறந்திருந்தார்கள். கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. சாலை நேராக நீண்டதும் இரண்டு பையன்கள் பந்தயம் கட்டிக்கொண்டு தபால்காரியையே முந்திப் பறந்தார்கள். விசில் ஊதினாள். அவர்கள் காதில் வாங்கவில்லை. பின்னாலிருந்து தம்பி விருட்டென்று வந்தான்.

"நான் புடிக்கறேன்க்கா. நீ மத்தவங்களப் பாரு."

அவன் போவதை அவள் பார்த்தாள். இப்போது கடைசியில் யாருமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். நின்றிருக்கலாம். பாலம் பத்து நிமிடத் தொலைவுதானே, அங்கே சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்து மிதித்தாள்.

பாலத்தில் தலைகளை எண்ணினாள். எட்டு. கால் மணி நேரம் காத்திருந்தாள். பிறகு பிள்ளைகளைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

நத்தையின் சைக்கிள் சாலையோரம் ஸ்டாண்ட் போட்டு நின்றது. செயினில் புதிதாக விரல் பட்ட தடங்கள். கால்வாய்க்கு இறங்கும் சரிவில் புல் நசுங்கியிருந்தது; ஒற்றைச் செருப்பு கிடந்தது. கழன்ற செயினை மாட்டிவிட்டு, கறுத்த கையைக் கழுவ இறங்கியிருக்கிறாள்.

தபால்காரி ஷூவோடு குதித்தாள். அரை கிலோமீட்டர் தள்ளி மதகுக் கம்பியில்தான் பிள்ளை கிடைத்தாள். கரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினாள். வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து கையைப் பிடித்து நிறுத்தும் வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வாக்குமூலம் கொடுக்கப் போகும் முன் தம்பி அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பொண்ணு விளையாட்டுக்கு எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டா, முன்னாடி போயிட்டான்னு நெனச்சோம்னு சொல்லிடுக்கா. நான் கடைசிலதான் வந்தேன்னு சொல்லு."

"போன உயிர் திரும்பி வருமா?" என்றாள் அம்மா. "இருக்கறவனைக் காப்பாத்து."

காவல் நிலையத்தில் தபால்காரி அப்படியே சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார், அவள் கையெழுத்துப் போட்டாள். மற்றப் பிள்ளைகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் தையல்கடைக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா என்று பார்த்தாள், ஆள் இல்லை. தையல்கடைக்காரி கடிதத்தை வாங்கி, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒளிஞ்சு விளையாடற வயசாக்கா அவளுக்கு? அறிவுகெட்டவளே, உன்னால இப்படி ஆச்சேன்னு தெனமும் திட்டறேன். செத்த புள்ளையத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

தபால்காரி பையை இறக்கிவைத்தாள்.

"அவ ஒளியல. கடைசில யாருமே இல்ல. தம்பி முன்னாடி வந்துட்டான். நானும் பாத்தேன், பாத்துட்டு நிக்காமப் போனேன்."

தையல்கடைக்காரி கத்தவில்லை, அடிக்கவில்லை. எழுந்து கடையைப் பூட்டினாள். "இத அங்க வந்து சொல்லுங்க" என்று முன்னால் நடந்தாள். தபால்காரி அவள் பின்னாலேயே காவல் நிலையம் வரை நடந்தாள்.

வழக்கு முடிந்து, கவனக்குறைவுக்காகத் தம்பிக்கு ஓராண்டு சிறை. பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக அவளுக்கு வேலை போயிற்று. "கூடப் பொறந்தவளா நீ?" என்று கேட்ட அம்மா, அதற்குப் பிறகு அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

தபால்காரி மாதம் ஒருமுறை சிறைக்குப் போனாள். இரண்டு மாதம் தம்பி துணிமணியை மட்டும் வாங்கிக்கொண்டான், முகம் காட்டவில்லை. மூன்றாம் மாதம் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான்.

"அன்னைக்கு அவ என்னைக் கூப்பிட்டாக்கா" என்றான். "அண்ணா, செயின் கழண்டுடுச்சுன்னு கூப்பிட்டா. நீயே மாட்டிட்டு வான்னு சொல்லிட்டு வந்துட்டேன். பசங்களப் புடிக்க வரல. சும்மா வேகமா ஓட்டணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதையும் போய்ச் சொல்லிடுவியா?" என்று கேட்டான்.

"சொல்லணும்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். எழுந்து போகவில்லை.

அங்கிருந்து நேராகத் தையல்கடைக்குப் போனாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே வா என்று அழைப்பு வரவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியில் ஊசி குத்தியபடி நின்றது.

"மாட்டினாளா?" என்று கேட்டாள் தாய்.

"மாட்டிட்டா. சரியா மாட்டியிருந்தா."

தையல்கடைக்காரி அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு துணியை நேராக்கி, மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.