துப்பாக்கிக்கு அளவெடுத்தவர்

தையல்காரர் மூன்றாவது முறையாகத் துப்பாக்கிப் புத்தகம் தேடி வந்தபோது, புத்தகக்கடைக் கல்லாவில் இருந்த அம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே பார்ப்பதில் அந்த அம்மா கெட்டிக்காரி. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தனக்குப் பிடிக்காத புத்தகத்தை யாராவது நீட்டினால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை ஒரு தரம், ஆளை ஒரு தரம் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் புத்தகத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

முதல் தடவை இவர் வாங்கியது வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய தடிப் புத்தகம்.

"யாருக்காவது பரிசா கொடுக்கவா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லம்மா, எனக்கேதான்."

புத்தகம் குப்புறப் படுத்தபடி பைக்குள் போனது. அடுத்த தடவை ராணுவத் துப்பாக்கிகள். "தோட்டம் போடுறதப் பத்தி புதுசா ஒண்ணு வந்திருக்கு. படமெல்லாம் அழகா இருக்கும், பாக்குறீங்களா?" என்றார் அந்த அம்மா. "தோட்டம் போட எங்கம்மா எடம் இருக்கு?" என்று இவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

இரண்டு புத்தகமும் தண்டம். இவருக்கு வேண்டியது இடுப்பில் மாட்டும் துப்பாக்கியின் நீளம், தடிமன், கனம், அவ்வளவுதான். யாரையும் சுடுவதற்கில்லை. கால்சட்டை தைப்பதற்கு.

விஷயம் இதுதான். அவருக்கு ஒரே மகள். தனக்குப் பிறகு கடையை அவள் பார்த்துக்கொள்வாள் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார். சின்ன வயதிலேயே கையைப் பிடித்துக் கத்திரி பழக்கினார். அப்படி வளர்த்தவள் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "ப்பா, எனக்கு போலீஸ் வேலை கெடச்சிருச்சு" என்றாள். இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "துப்பாக்கி தூக்குறவ இந்த வாசப்படி ஏற வேணாம்" என்று சொல்லிவிட்டார். சொன்ன மறுநிமிஷமே வருத்தப்பட்டார்தான். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமே! அவளும் இவர் மகள்தானே, ரோஷம் எங்கே போகும்? பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள் தெருப்பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள்.

"அவ பேச்சை என்கிட்ட எடுக்காதே" என்று மனைவிக்கும் உத்தரவு போட்டிருந்தார். மனைவியும் அந்த உத்தரவை மீறவே இல்லை. மகள் சேதி எல்லாவற்றையும் இஸ்திரி மேசையிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"கேட்டியா மேசை, பொண்ணு துரும்பா இளைச்சுட்டா. துப்பாக்கி கனத்துக்கு பேன்ட் ஒரு பக்கமா இழுக்குதாம். இடுப்பெலும்பு மேல உரசி உரசித் தோல் கன்னிப்போயிருக்காம். எந்தப் புண்ணியவான் கண்ண மூடிக்கிட்டு தச்சானோ!"

தையல்காரர் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டார். ஊருக்கெல்லாம் தைக்கிறவன் பெண்ணுக்கு எவனோ தைத்த கால்சட்டையால் காயமா? அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அழுகை வந்தது. ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகளையே கேட்டிருக்கலாம். கேட்டால் தோற்றுப்போன மாதிரி. மனைவியைக் கேட்கச் சொல்லலாம். அவள் மேசையோடு சேர்ந்து சிரிப்பாள். செல்போனோ ஆளுக்கொரு அளவு சொல்கிறது. இவர் துணி வெட்டும் படம் போட்ட புத்தகங்களைப் பார்த்துத் தொழில் பழகிய ஆள். அளவென்றால் அச்சில் இருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் புத்தகக்கடைப் படையெடுப்பு.

அன்றைக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கைத்துப்பாக்கிகள் பற்றிய புத்தகம் மேல்தட்டில் இருந்தது. 'ஏணி' என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டை ஊழியர், செத்த எலியைத் தூக்குவதுபோல் அதை இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்தார். பிரித்தால், போலீஸ்காரர்கள் இடுப்பில் மாட்டுகிற துப்பாக்கி முழு அளவில் படமாக, பக்கத்திலேயே கனமும் போட்டு! தையல்காரருக்கு வாயெல்லாம் பல். நின்ற இடத்திலேயே கழுத்திலிருந்த டேப்பை உருவிப் படத்தின் மேல் நீட்டி அளந்தார். அதே நீளத்தைத் தன் வலது இடுப்பில் வைத்துப் பார்த்தார். குனிந்தார், நிமிர்ந்தார், முக்காலியில் உட்கார்ந்து எழுந்தார்.

"உறுத்துமே! உக்காந்தா கண்டிப்பா உறுத்தும்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டார்.

கல்லா அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சார், உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"நானும் என் வீட்டம்மாவும்தான். ஒரு பொண்ணு இருக்கா, ஆனா பேச்சுவார்த்தை இல்ல."

"ஏன், என்ன கோபம்?"

"சொன்ன பேச்சு கேக்கல." அதோடு நிறுத்தியிருக்கலாம். படத்தைப் பார்த்த சந்தோஷம், மனசு இளகிவிட்டது. "ஆனா பாருங்க, இந்தப் புத்தகமே அவளுக்காகத்தான் வாங்குறேன்" என்றார்.

ஏணி மெதுவாக வந்து கல்லா அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இத நான் உங்களுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் அந்த அம்மா.

"விக்கத்தானம்மா வெச்சிருக்கீங்க?"

"விக்கத்தான் வெச்சிருக்கேன். உங்களுக்கு விக்க மாட்டேன். மூணாவது தடவையா வர்றீங்க, எனக்கு எதுவும் சரியாப் படல."

சண்டை பிடித்திருக்க வேண்டிய மனிதர், சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அளவுகளை உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். "பரவால்லம்மா. எனக்கு வேண்டியது கெடச்சிருச்சு" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். போகிற ஆளையே அந்த அம்மா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யாராக இருந்தாலும் போனை எடுத்திருப்பார்கள்.

அன்றைக்கும் அன்று ராத்திரி முழுக்கவும் தையல்காரருக்கு வேறு வேலை ஓடவில்லை. நல்ல சீருடைத் துணியாகப் பார்த்து எடுத்தார். மகளின் பழைய அளவில், இளைத்ததற்காக இடுப்பைக் கொஞ்சம் குறைத்து வெட்டினார். இடுப்புப் பட்டிக்கு உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்து, எலும்பில் உரசாதபடி மேலே பருத்தித் துணி கொடுத்தார். பெல்ட் நுழைகிற வார்களை இரட்டை இரட்டையாகத் தைத்தார். கடைக்கு யார் வந்தாலும், பை வெட்டுவதற்கு முன் "எந்தக் கை?" என்று கேட்காமல் கத்திரியைத் தொட மாட்டார், இடதுகைக்காரனுக்கு வலது பக்கம் பை வைப்பதைப்போல ஒரு பாவம் அவர் தொழிலில் கிடையாது. இதற்கு யாரைக் கேட்பது? பெற்ற மகள்தானே! பஞ்சை வலது பக்கம் வைத்துத் தைத்து முடித்தார். இதை அவளிடம் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

கடைசி வாரைத் தைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"சார், ஒரு விசாரணை."

மகள்தான். சீருடையோடு வாசற்படிக்கு வெளியேயே நின்றாள். தையல்காரர் வாயில் குண்டூசிகள் இருந்தன. அது நல்லதாகப் போயிற்று, பேச வேண்டியிருக்கவில்லை. தையலை விட்டு அவர் தலை நிமிரவே இல்லை.

"புத்தகக்கடையிலேர்ந்து ஸ்டேஷனுக்கு போன் வந்துச்சு" என்றாள். "ஒருத்தர் துப்பாக்கிப் படத்த டேப் வெச்சு அளந்தாராம். பேச்சுவார்த்தை இல்லாத பொண்ணுக்காகன்னு சொன்னாராம். அந்தப் பொண்ணு உசுருக்கே ஆபத்துன்னு அந்தம்மா அழுதுட்டாங்க. கழுத்துல டேப்புன்னதும், 'நான் போய் விசாரிக்கிறேன்'னு வந்தேன்."

"மேசை, யாரு வந்திருக்கான்னு பாரு!" என்றாள் மனைவி.

தையல்காரர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினார். நூலை அறுத்தார். தலையைக் குனிந்தபடியே கால்சட்டையை வாசலை நோக்கி நீட்டினார்.

"உள்ள போய் போட்டுப் பாரு."

மகள் அதை வாங்கித் திருப்பினாள். பட்டிக்கு உள்ளே விரலை விட்டாள். பஞ்சு வைத்த இடத்தில் விரல் நின்றது.

"வாசப்படி ஏறலாமா?"

"அளவு பாக்க யாரு வேணும்னாலும் ஏறலாம்."

உள்ளே போனவள் திரும்பி வந்தபோது தையல்காரர் நிமிர்ந்தே ஆகவேண்டியிருந்தது. தொழிலாச்சே. இடுப்பு கச்சிதம். நீளம் கச்சிதம். கண் பெல்ட்டுக்கு வந்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. துப்பாக்கி இடது பக்கம் தொங்கியது. பஞ்சு வலது பக்கம், ஒரு கனமும் இல்லாமல் சும்மா உப்பிக்கொண்டு நின்றது.

"பரவால்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்று மகள் அவசரமாக அந்த உப்பலைக் கையால் மறைத்தாள்.

"இடது பக்கமா?"

"ம். பயிற்சில வலது கையால சுட்டா ஒண்ணுகூட படல. உனக்கு எந்தக் கை வசதின்னு வாத்தியார் கேட்டார். மாத்திப் பிடிச்சேன், எல்லாம் பட்டுச்சு."

கேட்டாராம். யாரோ ஒரு மனிதர், அன்றுதான் பார்த்தவர், கேட்டாராம். இங்கே கடைக் கத்திரி வலது கைக்காரர்களுக்கானது என்று, இடது கையை நீட்டின குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, கத்திரியை வலது கையில் திணித்தவர் இவர். அவள் அழுதுகொண்டே வெட்டியதும் ஞாபகம் வந்தது.

"கழட்டிக் குடு" என்றார்.

அவள் மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். தையல் பிரிக்கிற ஊசியை எடுத்து, ராத்திரி முழுக்கச் செய்த வேலையையும் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். பஞ்சு வெளியே வந்தது. துணியை மேசைமேல் விரித்து, சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைக்கு வருகிற எல்லோரையும் பார்க்கிற மாதிரி மகளின் முகத்தைப் பார்த்தார்.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

"இடது கைப்பா" என்றாள் மகள்.

அவர் இடது பக்கம் கோடு போட்டார்.