சாம்பல் விழுந்த வீடு

சிதம்பரத்தில் ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே ஒரே ஒரு வீட்டின் மேல் மட்டும் எரிமலைச் சாம்பல் விழத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்தில், தக்காளி விலை ஏறியிருந்த சமயம். பட்டப்பகலில், மேகம் ஏதுமில்லாத வானத்திலிருந்து, சலித்த மாவு போல மெதுவாக இறங்கும்; கொஞ்ச நேரம் விழுந்துவிட்டு நின்றுவிடும். பக்கத்து வீட்டு நர்ஸ் ஜெயராணி மாடியில் காயப்போட்டிருந்த வெள்ளைச் சீருடையில் ஒரு பொட்டுகூட விழவில்லை. "அக்கா, காத்து எங்க பக்கந்தான் அடிக்குது. ஆனா ஒங்க மதிலத் தாண்ட மாட்டேங்குதே" என்று அவள் ஒருநாள் சொன்னாள். அந்தத் தெரு இதற்காக ஆச்சரியப்பட்டது அவ்வளவுதான். மறுநாள் குடிதண்ணீர் வராததைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

வீட்டுக்காரி அருள்மொழி பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியை. எரிமலைத் தீவுகள்தான் அவளுடைய ஆராய்ச்சி. சுனாமி வந்த வருடம் அவள் கடலூரில் பள்ளிக்கூடம் முடிக்கும் பெண். கூடப் படித்தவளை அந்த அலை கொண்டுபோனது. அன்றிலிருந்து, கடலில் இன்னும் எங்கிருந்தெல்லாம் அலை கிளம்பலாம் என்பதே அவள் நினைப்பு. அந்தமான் பக்கத்து எரிமலைத் தீவைக் கப்பலில் சுற்றிச் சுற்றி வந்து வாலிபத்தில் பாதியைக் கழித்தாள். தீவும் ஆளைப் போலத்தான் என்று மாணவர்களுக்குச் சொல்வாள்: கடலுக்கடியில் பிறக்கும், தலை தூக்கும், கனத்துக்கொண்டே போகும், கீழே இருக்கிற தரையே அந்தக் கனத்தில் வளையும், கடைசியில் தன்னைத் தானே தாங்க முடியாமல் ஒரு பக்கம் சரியும். சரிந்தது கடலில் விழுந்தால் அலை. எந்தப் பக்கம் சரியும், எப்போது சரியும் என்பதைச் சொல்வதில் அவளுக்கு வெளிநாட்டிலும் பெயர் உண்டு. தன் வீட்டு மாடியில் விழுந்ததை நுண்ணோக்கியில் பார்த்தாள். அதே தீவின் சாம்பல்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் சிதம்பரத்தில், வானத்திலிருந்து, வெளுத்த சாம்பல் விழுந்தால் அதை யார் குப்பையில் கொட்டுவார்கள்? மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அதே தெருவில் இருந்த தன் மகளைப் பார்க்க வந்திருந்த பொன்னி என்பவள்தான் முதலில் வாசற்படியில் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். நெற்றியில் பூசினாள், விரலில் மிஞ்சியதை வாயில் போட்டுக்கொண்டாள். அந்த வாரத்திலேயே பண்ருட்டியிலிருந்து வேன் பிடித்து ஆள் வந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பஜனைக் கோஷ்டி வந்தது. அருள்மொழி வாசலில் நின்று தொண்டை வற்றக் கத்தினாள்.

"இது திருநீறு இல்லங்க. கண்ணாடித் தூளு. உள்ள போனா நெஞ்சக் கிழிச்சிடும்."

"கண்ணாடியாவே இருக்கட்டும்மா. மேலேருந்துதான விழுது?" என்றாள் பொன்னி.

அருள்மொழி முகக்கவசம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். மரியாதையாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். பிறகு அதைத் தாடைக்கு இறக்கி, ஒரு சிட்டிகை வாயில் போட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, 'இது திருநீறு அல்ல' என்று எழுதிக் கேட்டில் மாட்டினாள். அதற்கும் ஒருவர் பூ வைத்துவிட்டுப் போனார். அந்த ஜனங்களுக்கு நாலு நாள் இருமலைத் தவிர வேறெதுவும் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அருள்மொழி லீவு போட்டு வாசலைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். வினை அடுப்பங்கரையில் நடந்துகொண்டிருந்தது. அவள் கணவன் அறிவழகன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். கறுப்புச் சட்டைக்காரரின் பிள்ளை, நெற்றியில் ஒரு கீற்றுகூட இழுக்காமல் நாற்பது வயதைத் தாண்டியவன், ஐயர் இல்லாமல் தாலி கட்டியவன். பம்ப்செட் மோட்டார் தூக்கித் தூக்கி இடுப்பு போனவன். அந்தச் சாம்பலை அவன் தினமும் காலையில் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்தவள் டம்ளரைப் பிடுங்கிக் கீழே கொட்டினாள்.

"இது திருநீறு இல்லன்னு நீதான லேப்ல பாத்து எழுதி மாட்டுன? அப்புறம் எனக்கு என்னா கொள்கை பிரச்சன? இடுப்பு வலி சுத்தமா போச்சு அருளு."

போகத்தான் செய்திருந்தது. ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை ஒற்றை ஆளாகத் தூக்கி வேனில் வைத்தான். ஆனால் பைக்கின் பின்டயர் அடிக்கடி வெடித்தது. கட்டில் கால் மொசைக் தரையில் இறங்கியது. பண்ருட்டியில் பலா லாரி நிறுக்கும் மேடையில் விளையாட்டாக ஏறி நின்றவனைப் பார்த்து, எடை போடுகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இறங்கச் சொன்னார். அவன் கையிலிருந்த டீ ஆறவே இல்லை. குளித்துவிட்டு வந்தால் தலையிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்தது, வீடெல்லாம் தீக்குச்சி கிழித்த வாசனை. சாம்பல் குடிப்பதை நிறுத்தியும் கனம் ஏறியது. அருள்மொழி ஒரு மத்தியானம் அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். கப்பலில் கருவி காட்டிய அதே அடித்தொண்டை உறுமல், விடாமல், உள்ளே எங்கேயோ கேட்டது. அப்படியே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். முகவாய் சுட்டும் எடுக்கவில்லை.

அப்புறம் இடது தோள் இறங்க ஆரம்பித்தது. அவள் தீவுகளின் சரிவை அளக்கும் சாய்வுமானியை அவன் மார்பில் வைத்துக் காலையும் மாலையும் பார்த்தாள். கணக்குப் போட அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? இங்கேயே இருந்தால் அவன் சரிவது ஜெயராணி வீட்டின் மேல். கரையோரத்துக் கடலில் என்றால் அலை நேராகக் கடலூருக்கு. ஆழம் தொடங்குகிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவும் சீக்கிரம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இது தன் படிப்பில் வராது, உங்கள் படிப்பில்தான் வருகிறது என்று கை கூப்பினார்.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். அவனே கேட்டான்: "எப்ப கெளம்பணும்?"

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் சாமிக்கண்ணு என்பவரின் விசைப்படகு. அவர் ஆளைப் பார்த்தார், அமிழ்ந்த படகைப் பார்த்தார். "வெயிட்டு ஜாஸ்தி. மாப்ள, நீங்க நடுவுல ஐஸு மேல ஒக்காந்துக்குங்க" என்றார். விடிந்து கிளம்பிய படகு நாளெல்லாம் கிழக்கே போனது. மீனுக்கு வைத்த ஐஸ் கட்டிகள் அவனடியில் கரைந்து முடிந்தன. அறிவழகன் கடைச் சாவியைக் கொடுத்து, யாருடைய மோட்டார் கட்டி முடிந்தது, யாருடையது பாதியில் நிற்கிறது என்றெல்லாம் சொன்னான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. தண்ணீரின் நிறம் கறுத்த இடத்தில் சாமிக்கண்ணு இஞ்சினை நிறுத்தினார்.

"கடலூரு எந்தப் பக்கம்?" என்று கேட்டான் அறிவழகன்.

அவள் மேற்கே கை காட்டினாள். அவன் எழுந்து, இறங்கிப்போன இடது தோளைக் கிழக்குப் பார்க்க வைத்துத் திரும்பி நின்றான். "இப்ப சரியா நிக்கிறனா பாரு" என்றான். அவள் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றாள். அவன் படகின் விளிம்பைப் பிடித்து, குளத்தில் இறங்குகிறவன் போலப் பின்பக்கமாக இறங்கினான். தண்ணீர் கொதித்தது. ஆவி அடங்கியபோது படகு முழங்கால் உயரம் மேலே எழும்பி மிதந்தது.

அன்றோடு வீட்டின் மேல் சாம்பல் நின்றது. பொன்னிக்குத்தான் பெரிய ஏமாற்றம். தை பிறக்கும்போது கடலில் அவன் இறங்கிய இடத்தில் ஒரு கறுத்த பாறை தலை காட்டியது. சித்திரைக்குள் படகைக் கட்டிப்போடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. கலெக்டர் ஆபீசில் கூட்டம் போட்டு, இந்தத் தீவால் கடலூருக்கு ஆபத்து உண்டா என்று அருள்மொழியைக் கேட்டார்கள். சரிந்தால் கிழக்கேதான் சரியும், கரைக்கு வராது என்றாள். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார் ஓர் அதிகாரி. "அப்படிப் பாத்துதான் எறங்குனாரு" என்றாள். அதையே குறிப்பில் எழுதிக்கொண்டு, டீ கொடுத்தார்கள்.

அரசாங்க வரைபடத்தில் தீவுக்கு ஓர் எண்தான் இருக்கிறது. மீன்பிடிக்கிறவர்கள் அதை வாத்தியாரம்மா வீட்டுக்காரர் என்கிறார்கள். அவருக்குத் தெற்கே வஞ்சிரம் கிடைக்கிறது, வடக்கே நீரோட்டம் மோசம் என்று பேசிக்கொள்கிறார்கள். மாதம் ஒருமுறை அருள்மொழி சாய்வுமானியோடு போகிறாள். அளந்து முடித்ததும் மேற்குப் பக்கத்து வெதுவெதுப்பான பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கடையில் நடந்ததையும் தெருவில் நடந்ததையும் சொல்லிக்கொண்டிருப்பாள். புருஷன் பெண்டாட்டி பேசுகிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று சாமிக்கண்ணு படகை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.