முன் இருக்கையில் மணல் மூட்டை

மகளோடு ஒரு சாயங்காலம் வாயாரப் பேசலாம் என்றுதான் அந்த முன்னாள் லாரி டிரைவர், ஆற்றுப் பாலத்தடியில் வௌவால் பார்க்கும் படகுப் பயணத்துக்கே சம்மதித்தார். கடைசி நேரத்தில் அவள் வேலை இருக்கிறதென்று கழன்றுகொண்டாள். இருவர் துடுப்புப் படகில் முன் இருக்கை காலி. வழிகாட்டிப் பெண் அதில் ஒரு மணல் மூட்டையை வைத்துக் கட்டினாள்.

"இது எதுக்கும்மா?"

"முன்னாடி கனம் இல்லேன்னா மூக்கு தூக்கிக்கும், பெரியவரே. காத்து திருப்பி விட்டுரும்."

"நல்ல துணைதான். எதுத்துப் பேசாது."

வௌவால் வரும் என்பதை அவர் நம்பவில்லை. இருட்டைக் காட்டி அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தார். ஆனால் பொழுது சாய்ந்ததும் பாலத்தின் இடுக்குகளிலிருந்து புகை கிளம்பியதுபோல் அவை கொட்டின. ஒன்று தண்ணீரை உரசிக் குடித்துவிட்டு எழும்பியது. மற்ற படகுகளில் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக் காட்டிக்கொண்டார்கள்.

"அங்க பாரு" என்று அவரும் முன் இருக்கையிடம் சொல்லிக் கையை நீட்டிவிட்டார்.

தன் படகில் பக்கத்தில் வந்த வழிகாட்டி, "என்கிட்டயா சொன்னீங்க?" என்றாள்.

"பின்னே? உன்கிட்டதான்" என்று புளுகினார்.

"நான் நித்தம் பாக்குறதுதானே, பெரியவரே." சிரித்துவிட்டு அடுத்த படகைக் கவனிக்கப் போனாள்.

அவர் துடுப்பு நுனியால் மூட்டையைத் தட்டி, வானத்தைக் காட்டினார்.