காலில் வந்த எண்

அந்தக் குழந்தைகள் வார்டில் அவளுக்குக் கைராசி நர்ஸ் என்று பெயர். பிறந்த குழந்தைக்கு ஆக்சிஜன் அளக்கும் சென்சாரை ஒட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. உதைப்பு, ஈரம், குளிர்ந்த பாதம், இதில் ஒன்று போதும், எண் தப்பாக வரும். மற்ற நர்ஸுகள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். இவள் வந்து இடம் மாற்றி ஒட்டினால் எண் ஏறிவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

இன்று அவள் முன்னால் கிடந்தது சொந்தத் தங்கையின் குழந்தை. வீட்டுக்குப் போகும் நாள். போவதற்கு முன் வலது கையில் ஒரு தடவை, காலில் ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இதயத்தில் கோளாறு இருக்கலாம்.

கையில் தொண்ணூற்றெட்டு வந்தது. காலில் எண்பத்தொன்பது.

"அக்கா, கால் நீலமா தெரியுதே?" என்றாள் தங்கை.

"ஆமா, நீதான் பெரிய டாக்டர்! பாதம் ஜில்லுனு இருந்தா அப்படித்தான் இருக்கும். மெஷினும் தப்பாதான் காட்டும்."

பாதத்தைச் சூடாக்கி, மறுபடி காலிலேயே அளந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாததா? ஆனால் தங்கை புருஷன் வாசலில் வண்டியோடு நின்றான், தங்கையின் முகம் வேறு வெளிறியிருந்தது. சென்சாரைப் பழையபடி கைக்கே கொண்டுபோனாள். தொண்ணூற்றெட்டு.

"பாத்தியா? இப்ப சரியா வந்துடுச்சு" என்று சிரித்தபடி காலுறையை மாட்டிவிட்டாள்.

டாக்டரம்மா வந்தார். "கை, கால் ரெண்டுலயும் பாத்தாச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "அக்கா பாத்துட்டாங்க டாக்டர். அவங்க கை வெச்சா தப்பே வராது."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே திரும்பினார். குழந்தை உதைத்ததில் காலுறை கழன்றது. மாட்டிவிடலாம் என்று அவள் பாதத்தைப் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஆனாலும் நீலம் போகவில்லை.

குளிர் என்று சொன்னாளே, பாதத்தின் சூட்டைக்கூடக் கவனிக்காமல்!

"டாக்டர்... கால்ல எண்பத்தொம்பதுதான் வந்துச்சு. நான்தான் கைக்கு மாத்திட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தானே காலில் ஒட்டி, எண் நிலைக்கும்வரை பார்த்தார். எண்பத்தெட்டு.

"உடனே இதயத்தை ஸ்கேன் பண்ணணும். வீட்டுக்குப் போயிருந்தா கஷ்டம். இப்ப மருந்து ஆரம்பிக்கலாம். கொழந்தைய எடுத்துட்டு வாங்க."

அவமானத்தில் அவளுக்குத் தலை நிமிரவில்லை. தங்கையின் காலைப் பார்த்தபடியே குழந்தையைத் தூக்கக் கைகளை நீட்டினாள்.

தங்கை குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"நீ வேணாம்" என்றாள். "வேற யாராவது தூக்கட்டும்."